ஆறு பந்துப் பரீட்சை

இந்த வீட்டில் ஒரே ஒரு வாக்குவாதத்திலாவது ஜெயித்துவிட்டுத்தான் ஓய்வது என்று போன மாதம் முடிவெடுத்தேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகிறது. ஸ்கோர் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள்.

இந்தத் தடவை வாக்குவாதத்துக்குக் காரணம் ஹெச்டி பெட்டி. கேபிள்காரர் வந்து, பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு, கறுப்பாக, பளபளவென்று புதுசாக ஒன்றை மாட்டினார். "ஒரு மாசம் வச்சுப் பாருங்க சார், பிடிக்கலைன்னா எடுத்துக்கிறேன்" என்றார். ரிமோட்டில் நாற்பத்தேழு பட்டன்கள். எனக்குத் தேவையானது மூன்று. மற்றதைப் பற்றி நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

ஹெச்டியில் கிரிக்கெட் பார்த்த அன்று நாற்காலியை டிவிக்கு ஒரு முழம் வரை இழுத்துப் போட்டுக்கொண்டேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். புல் தனித்தனியாகத் தெரிந்தது. அம்பயர் சட்டையில் இரண்டாவது பட்டன் இல்லை என்பது தெரிந்தது. பவுண்டரிக் கோட்டருகே நின்றவர் மூக்கைச் சொறிந்தபோது எனக்கே அரித்தது. இத்தனை வருஷமும் நான் பார்த்ததெல்லாம் கிரிக்கெட்டே இல்லை, யாரோ தூரத்தில் துணி துவைத்ததைத்தான் பார்த்திருக்கிறேன் என்று பட்டது.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் நேராக நாற்காலி. அதனால் சமையலறை அலமாரிக் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது நின்றுபோனது. மொத்தம் எட்டுக் கதவு. ஒன்றே ஒன்று பச்சையாக இருந்தது. மற்ற ஏழும் பழைய அழுக்கு மஞ்சளிலேயே இருந்தன. பெயிண்ட் டப்பா மூடி திறக்காமல் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

என் மனைவி தையல்காரி. ஹாலில்தான் வெளிச்சம் என்பதால் மெஷினை அங்கேயே, டிவிக்குப் பக்கவாட்டில் போட்டிருக்கிறாள். பவுலர் ஓட ஆரம்பித்தால் அவளும் மெஷினை ஓட்ட ஆரம்பிப்பாள். ஒரு நாள் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் மெஷினை நிறுத்திவிட்டுப் பேசினால் அது பேச்சு இல்லை, தீர்ப்பு.

"ஏங்க, இந்தப் பெட்டியில அப்படி என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? தெளிவு! எவ்வளவு தெளிவா இருக்குன்னு பாரு!"

"எனக்கு முன்னாடி மாதிரியேதான் இருக்கு."

இதைக் கேட்டால் மற்ற கணவன்மார்கள் சும்மா இருந்துவிடலாம். என்னால் முடியாது. நான் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "முதலாவது தெளிவா, ரெண்டாவது தெளிவா?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. என் வீட்டிலேயே ஒருத்திக்குத் தெளிவு தெரியவில்லை என்றால் நான் கடையில் எந்த முகத்தோடு நிற்பது?

உடனே அவளை என் நாற்காலியில் உட்காரவைத்தேன். சாதாரண சேனலைப் போட்டேன்.

"இது முதலாவது. நல்லாப் பாத்துக்கோ."

"சரி."

ஹெச்டி சேனலைப் போட்டேன். "இது ரெண்டாவது. எது தெளிவா இருக்கு?"

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டேன். மாற்றிப் போட்டேன். மறுபடி போட்டேன். ஒன்பது தடவை.

"சொல்லு. முதலாவதா, ரெண்டாவதா?"

"ரெண்டுலயும் அந்த ஆள் சட்டை தோள்பட்டையில சரியா உக்காரலை."

"சட்டையைக் கேக்கலம்மா. படத்தைக் கேக்குறேன்!"

"படம் ரெண்டும் ஒண்ணுதான். அடுத்த சனிக்கிழமையோட மாசம் முடியுது. கேபிள்காரர் வருவாரு. பெட்டியைக் குடுத்துருவோம்."

அடுத்த சனிக்கிழமை அரையிறுதி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். அந்த இறுதி ஆட்டத்துக்காகத்தான் நான் இரண்டு மாதமாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அதைப் போய்ப் பழைய பெட்டியில், துணி துவைக்கிற மாதிரி பார்ப்பதா?

ஹெச்டியிலும் குறைகள் இருந்தன, மறைக்கவில்லை. கொஞ்சம் காற்றடித்தால் பேட்ஸ்மேன் சதுரம் சதுரமாக உடைந்துபோவார். விளம்பரம் மட்டும் எந்தப் புயலிலும் உடையாது. ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை மாடிவீட்டுக்காரர். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இங்கே பவுலர் பந்தைத் துடைத்துக்கொண்டு நிற்பார், அதற்குள் மேலே "போச்சு, போச்சு!" என்று அலறல் கேட்கும். பிறகுதான் இங்கே பவுலர் ஓடிவருவார், போடுவார், ஸ்டம்ப் பறக்கும். எனக்கு மட்டும் சப்பென்று இருக்கும்.

செவ்வாய்க்கிழமை பொறுக்கமாட்டாமல் மாடி ஏறினேன்.

"சார், கொஞ்சம் மெதுவா கத்துங்களேன். நீங்க கத்துறதுல எனக்கு பந்து போடுறதுக்கு முன்னாடியே அவுட்டுன்னு தெரிஞ்சிடுது."

"என்ன சார் இது? நடந்ததுக்கு அப்புறம்தானே கத்துறேன்?"

"எனக்கு இன்னும் நடக்கலையே!"

"அப்ப உங்களுதுதான் லேட்டு. என்ன பெட்டி?"

"ஹெச்டி சார்."

"அதான். பெரிய வண்டி மெதுவாத்தான் வந்து சேரும். முப்பது வருஷம் ஓட்டினவன் சொல்றேன்."

"நீங்க எந்தச் சேனல்ல பாக்குறீங்க?"

"எங்க பாக்குறது? டிவி ரிப்பேராகி மாசம் ஆறாச்சு. ரேடியோதான்."

படி இறங்கும்போது எனக்குள் ஒரு வெளிச்சம். ரேடியோவில் முதலில் வருகிறது. ஹெச்டியில் பிறகு வருகிறது. நின்று எண்ணிப் பார்த்தேன். சரியாக எட்டு விநாடி இடைவெளி. அந்த எட்டு விநாடிக்கு நான் ஒரு தீர்க்கதரிசி.

புதன்கிழமை என் மனைவியிடம் சாதாரணமாகச் சொன்னேன்.

"ஹெச்டியில என்ன இருக்குன்னு கேட்டியே. பவுலரோட விரல் தெரியுது. விரலைப் பாத்தாப் பந்து எப்படி வரும்னு தெரிஞ்சிடும். பந்து தெரிஞ்சா அடி தெரிஞ்சிடும்."

"அப்படியா?"

"பழைய பெட்டியில முடியுமா? விரல் எது, பந்து எதுன்னே தெரியாது."

"சரி, நாளைக்குக் காட்டுங்க."

மறுநாள் ஏற்பாடுகளை முடித்தேன். செல்போனில் ரேடியோ கேட்க வேண்டுமென்றால் இயர்போன் வயர் செருகியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இரைச்சல். போனைச் சட்டைப் பைக்குள் போட்டு, வயரைச் சட்டைக்கு உள்ளாக விட்டு, காலர் வழியாக ஏற்றி, வலது காதில் சொருகி, மேலே ஒரு துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

"என்னங்க இது கோலம்?"

"காது வலி."

"மருந்து ஊத்தட்டுமா?"

"வேண்டாம், சூடா இருந்தாப் போதும். டிவி சத்தத்தைக் குறைச்சிடு. விரலைக் கவனிக்கணும்."

டிவியின் வாயை அடைத்தாள். பவுலர் ஓட ஆரம்பித்தார். அதற்குள் என் காதில் அந்தப் பந்து முடிந்துவிட்டது.

"நடுவிரலைப் பாரு, லேசா விலகியிருக்கு. இது நாலு."

நாலு.

"கட்டை விரல் உள்ள போயிருக்கு. ரன் கிடையாது."

கிடையாது.

மெஷின் நின்றது. என் மனைவி முதன்முறையாக என்னை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பதினாறு வருஷம் தவமிருந்து கிடைத்த பார்வை. அந்தப் போதையில்தான் தப்புப் பண்ணினேன். என் தொழில் புத்தி, கண்ணாடியில் ஒரு தூசி இருந்தாலும் தாங்காது. கண்ணாடியைக் கழற்றினேன், சட்டை நுனியால் துடைத்தேன், துடைத்துக்கொண்டே, "ஆள்காட்டி விரல் தையல் மேல இருக்கு பாரு, இது சிக்ஸ்" என்றேன். சிக்ஸ்தான். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு டிவியே ஒரு கலங்கிய சதுரம் என்பதும், அது அவளுக்குத் தெரியும் என்பதும் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

"பரவாயில்லைங்க. பெட்டியில விஷயம் இருக்கு. ஆனா நான் மட்டும் பாத்தாப் போதுமா? சனிக்கிழமை அக்கா வரா, கேபிள்காரரும் வராரு. அவங்க முன்னாடி ஒரு ஓவர் சொல்லுங்க. ஆறு பந்து. நாலு சரியா இருந்தாப் பெட்டி இருக்கட்டும்."

"நாலு என்ன நாலு? ஆறுக்கு ஆறு!"

"தப்பாப் போனா ஞாயித்துக்கிழமை ஏழு கதவுக்கும் பெயிண்ட். ஒரே நாள்ல."

"ஏழு என்ன ஏழு? பச்சையா இருக்கிறதையும் சேர்த்து எட்டா அடிக்கிறேன்!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு இணை கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் ஹால் நிரம்பிவிட்டது. என் நாற்காலியில் நான், தலையில் துண்டு. சோபாவில் அண்ணி, அதாவது என் மனைவியின் அக்கா. கதவோரம் ஸ்டூலில் கேபிள்காரர், மடியில் பெட்டி கழற்றுகிற சாமான்கள்.

"மாப்பிள்ளை, காதுக்கு என்ன?"

"வலி, அண்ணி."

"கண்ணுதான் பெருசா வேலை செய்யுதாமே? சொன்னா இவ."

"ஏதோ, தொழில் பழக்கம்."

ஆட்டம் சூடு பிடித்திருந்தது. அடுத்த ஓவரில் பரீட்சை என்று முடிவானது. அப்போது என் மனைவி, "ஏங்க, மாடி சாரையும் கூப்பிடுங்க. பாவம், டிவி இல்லாம இருக்காரு. சாட்சிக்கு ஒரு ஆள் கூட இருந்தா நல்லதுதானே?" என்றாள்.

எவ்வளவு பேர் பார்க்கிறார்களோ அவ்வளவு பெருமை எனக்கு. துள்ளி ஓடினேன். அவர் ரேடியோவை அணைத்துவிட்டுச் சட்டையைத் தேடினார், பிறகு பட்டனைத் தேடினார். மூன்று நிமிஷம் ஆகியிருக்கும்; அவரை அவசரப்படுத்துகிற மும்முரத்தில் காதில் ஓடியதை நான் கவனிக்கவில்லை. இருவரும் வந்து உட்கார்ந்தோம். திரையில் பவுலர் பந்தைக் கையில் வாங்கினார்.

"ஆரம்பிங்க" என்றாள் என் மனைவி.

என் காதில் கூட்டம் ஆர்ப்பரித்தது. பவுண்டரி.

"விரல் விலகியிருக்கு. நாலு!"

பேட்ஸ்மேன் பந்தைக் காலடியில் தட்டிப் போட்டார். ரன் இல்லை.

"சரி, ஒண்ணு தப்பலாம்" என்றார் கேபிள்காரர் பெருந்தன்மையாக.

என் காதில் வர்ணனையாளர் அலறினார். "கட்டை விரல் உள்ள. அவுட்! சந்தேகமே இல்லை!"

பேட்ஸ்மேன் சிக்ஸ் அடித்தார். பந்து கூரை மேல் விழுந்தது. மாடி சார் கைதட்டினார்.

மூன்றாவது பந்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். காதில் பந்தே இல்லை. வீரர்கள் தண்ணீர் குடிப்பதாகவும் பருவநிலை நன்றாக இருப்பதாகவும் சொன்னார்கள். இங்கே பவுலர் ஓடத் தொடங்கிவிட்டார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"இந்தப் பந்துல... தண்ணி குடிப்பாங்க."

"பந்தைப் போட்டுட்டா, போடாமலேயா?" என்று அண்ணி அக்கறையாகக் கேட்டார்.

நான்காவது பந்துக்கு என் காதில் சோப்பு விளம்பரம் வந்தது. சொந்த அறிவை நம்பி "ஒரு ரன்" என்றேன். ரன் இல்லை. ஐந்தாவதுக்கு "ரன் இல்லை" என்றேன். ஒரு ரன். ஆறாவதுக்கு எதையோ முணுமுணுத்தேன். எனக்கே கேட்கவில்லை. அதுவும் தப்பாகத்தான் இருந்திருக்கும்.

மூலையில் ஸ்கோர் எழுதியிருக்குமே, அதைப் பார்த்தால் விஷயம் புரிந்திருக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். விரலைப் பார்ப்பதுபோல நடிக்கிறவனுக்கு மூலையைப் பார்க்க நேரம் ஏது?

"இன்னைக்கு பவுலர் கையில எண்ணெய் போலிருக்கு" என்று அசடு வழிந்தேன். கேபிள்காரர் சாமான்களோடு எழுந்தார். போயிற்று, நாளைக்குத் துணி துவைப்பதைத்தான் பார்க்கப் போகிறேன்.

"உக்காருங்கண்ணே" என்றாள் என் மனைவி. "பெட்டி இங்கயே இருக்கட்டும்."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அந்தக் காதை நம்பித்தான் கெட்டேன் என்பது வேறு விஷயம்.

"ஏம்மா, நான்தான் தோத்துட்டேனே?"

"நீங்க தோத்தீங்க. பெட்டி தோக்கலை." ரிமோட்டை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "ரெண்டு கோடு போட்டிருக்கே, இது என்ன பட்டன்?"

"தெரியாது."

"ஒரு மாசமா கையில வச்சிருக்கீங்க. நேத்து இந்தக் கேபிள் அண்ணனுக்கு போன் பண்ணிக் கேட்டேன். இதை அழுத்தினா ஆட்டம் அப்படியே நிக்கும். மறுபடி அழுத்தினா விட்ட இடத்துல இருந்து ஓடும். நீங்க மாடிக்குப் போனீங்க, அழுத்தினேன். நீங்க வந்து உக்காந்தீங்க, திரும்ப அழுத்தினேன். உங்க காதுல ஓடுறதை நிறுத்தத்தான் எனக்கு பட்டன் தெரியலை."

சொல்லிக்கொண்டே துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். வயர் தொங்கியது. அதிலிருந்து மெல்லிய குரலில் யாரோ இன்னொரு பவுண்டரிக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ மாப்பிள்ளை, வலின்னீங்களே!" என்றார் அண்ணி.

"கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு விரலைப் பாத்தாரு, அக்கா. அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றாள் என் மனைவி. கோபமே இல்லாமல், துணி அளவு சொல்கிற குரலில் சொன்னாள். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

கேபிள்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டுக் களவாணி.

"படம் ரெண்டும் ஒண்ணுதான்" என்று அவள் தொடர்ந்தாள். "ஆனா இது நான் நில்லுன்னா நிக்குது. நூல் கோக்கணுமா, நிக்கும். அளவெடுக்க ஆள் வந்தா நிக்கும். இப்படி ஒரு பொருளைத் திருப்பிக் குடுக்க எனக்கென்ன பைத்தியமா?"

இந்த வீட்டில் அவள் நில்லென்றால் நிற்கிற பொருள் ஏற்கெனவே ஒன்று உண்டு. அதுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறுதி ஆட்டம் தொடங்கியபோது நான் சமையலறையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். எட்டுக் கதவு. சமையலறையிலிருந்து டிவி தெரியாது. கதவைத் திறந்துவைத்தால் தெரியும்தான், ஆனால் பெயிண்ட் வாடை ஹாலுக்கு வருகிறது என்று சாத்திவிட்டாள். சாத்தும்போது வயரை என் கையில் கொடுத்தாள்.

"ரேடியோ கேட்டுக்கிட்டே அடிங்க. காது சும்மாதானே இருக்கு?"

நல்லவள்தான்.

நானூறு பக்கம் எழுதலாம் அந்த ஆட்டத்தைப் பற்றி. அப்படி ஓர் ஆட்டம். கடைசி ஓவரில் பதினோரு ரன் வேண்டும், ஒரே விக்கெட் கையில். நான் ஏழாவது கதவில் இருந்தேன். கடைசிப் பந்தில் நாலு வேண்டும். தூரிகையைத் தூக்கியபடி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பச்சை பெயிண்ட் முழங்கை வரை வழிந்தது. பவுலர் ஓடினார், போட்டார். பேட்ஸ்மேன் தூக்கி அடித்தார். நாலு! நம்ம ஆட்கள் ஜெயித்துவிட்டார்கள்!

என்னை மீறி "ஆ!" என்று ஒரு சத்தம் வந்துவிட்டது. கதவு இரண்டு விரல் அளவுக்குத் திறந்தது.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லை. கால் மரத்துப்போச்சு."

"இங்க ஆறு ஓவர் பாக்கி இருக்கு. டீ போடுறதுக்கும், அளவெடுக்க வந்த அம்மாவுக்கும் நிறுத்தி வச்சிருந்தேன். ஏதாவது சொன்னீங்க, ஹாலுக்கும் சேர்த்து பெயிண்ட்."

கதவு சாத்திக்கொண்டது. உலகத்துக்கே ஆட்டம் முடிந்துவிட்டது. என் வீட்டு ஹாலில் மட்டும் இன்னும் ஆறு ஓவர். நாம் ஜெயித்ததை யாரிடமும் சொல்ல முடியவில்லை. எட்டாவது கதவிடம் சொன்னேன். அது ஏற்கெனவே பச்சையாக இருந்தது, மேலும் பச்சையானது.

அங்கே ஒவ்வொரு பந்துக்கும் அண்ணி அலறினார். மாடி சார், என் நாற்காலியிலிருந்து, "இது தேறாது" என்றார். தேறும் ஐயா, தேறிவிட்டது என்று நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டு ஓவர் பாக்கி இருந்தபோது டிவி நின்றது. என் மனைவி டம்ளர்களை எடுக்க உள்ளே வந்தாள். கதவுகளைப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினாள். மாடி சார் ஹாலிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏம்மா, சாரைத்தான் ஒரு வார்த்தை கேளேன். யாரு ஜெயிப்பாங்கன்னு அவரு என்ன நினைக்கிறாரு?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். என் காதைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பதில் சொன்னாள்.

"அவரை எதுக்கு சார் கேக்குறீங்க? ஆறு பந்துல ஒண்ணுகூட சரியாச் சொல்லத் தெரியாதவரு."